விட்டு வாசித்த பக்கம்

மகனுக்கு, உன் அப்பா எழுதுகிறேன். உறையைப் பிரித்ததும் யாரிடம் சொல்லி எழுத வைத்தார் என்றுதான் முதலில் நினைப்பாய். யாரிடமும் சொல்லி எழுதவில்லை. இதில் உள்ள எழுத்து எல்லாம் நானே எழுதியது. எழுபத்திரண்டு வயதில் முதல்முதலாகப் பென்சில் பிடித்த கை, அதனால் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். தறியில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள் பேனாவையும் நூலைப் போலவே இறுக்கிப் பிடிக்கின்றன. அரைப் பக்கம் எழுதினால் மணிக்கட்டு கடுக்கிறது, கண்ணில் நீர் வருகிறது. நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். இன்று நாலாவது நாள். உன் அம்மா பூக்கட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறாள். “மூணு நாளா ஒரு பக்கமா? உங்க மவன் அதுக்குள்ள ஒரு கவர்மெண்டயே கவுத்திருப்பான்” என்று நேற்றுச் சொன்னாள். சிரிப்பு வந்தது. என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் பேனாவைப் பிடுங்கினாலும் பிடுங்குவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்குப் பதில்தான் இது. உன் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பு மறுபடியும் அச்சாகிறது, விழாவை நம் ஊர்க் கல்யாண மண்டபத்திலேயே வைக்கிறார்கள், என்னை மேடையில் நடுநாற்காலியில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்றாய். “முன்னுரையில உங்களப் பத்தி இன்னும் ரெண்டு பக்கம் சேத்திருக்கேன்ப்பா, மாசக் கடைசியில அச்சுக்குப் போவுது” என்றாய். நான் “சரிய்யா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சரியில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இத்தனை பாடு. போனிலேயே சொல்லியிருக்கலாம் என்பாய். போனில் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், நான் பாதியில் வேறு எதையாவது சொல்லித் தப்பித்துவிடுவேன். எழுதினால் தப்பிக்க முடியாது என்பதை இந்த நாலு நாளில் தெரிந்துகொண்டேன்.

முதலில் சந்தோஷமானதைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதப் படிக்கக் கற்ற சாயங்கால வகுப்பு நம் தெருக்கோடியில் இருக்கும் தொடக்கப் பள்ளியில்தான் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. முழங்கால் உள்ளே போகாது, ஒருக்களித்துத்தான் உட்கார வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள்தான் நிறையப் பேர். ஆண்கள் நானும் இன்னொருவரும். அவர் ‘ங’வோடு நின்றுவிட்டார். எழுத்துக் கூட்ட வந்த பிறகு எனக்கு வந்த குஷி இருக்கிறதே, அதை எப்படிச் சொல்ல. மாத்திரை அட்டை, சுவரொட்டி, உப்புப் பொட்டலம் என்று ஒன்றையும் விடுவதில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று போர்டுகளை வாசிப்பேன். ராயகிரி உடனே வந்துவிட்டது. கடையநல்லூருக்குக் கொஞ்சம் நின்றேன். வாசுதேவநல்லூர் என்று நான் வாசித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிப் போய்விட்டது. ஏறுவதற்காகவா நின்றேன், போனால் போகிறது. வகுப்பின் கடைசி நாளில் செல்வி டீச்சர் எங்களை எழுந்து நிற்க வைத்து, இனிமேல் எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்க மாட்டோம் என்று சொல்ல வைத்தார்கள். எல்லோரும் சத்தமாகச் சொன்னோம். மை பேடைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். பெண்கள் எல்லாம் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நான் வகுப்பில் சேர்ந்தது ஞானமுத்து அண்ணாச்சிக்காக. நீ அவரோடு பேசி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்னோடு ஒரே தறி ஷெட்டில் பக்கத்துத் தறி ஓட்டியவர், எங்கள் சங்கத்துச் செயலாளர். தறிக்காரர்களில் எட்டாவது வரை படித்தவர் அவர் ஒருவர்தான். கோரிக்கை மனு, நோட்டீஸ் எல்லாம் அவர் கை எழுத்துதான். கூலி கூட்டிக் கேட்டு நாங்கள் செய்த ஸ்டிரைக்குக்குப் பிறகு இந்த ஊரில் எந்த முதலாளியும் அவருக்குத் தறி கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் பேப்பர் ஏஜென்சி எடுத்து, சைக்கிளில் வீடு வீடாகப் பேப்பர் போட்டே பிள்ளைகளைக் கரையேற்றினார். நீ டெல்லிக்குப் போய்ப் பெயர் வாங்கின பிறகு, இங்கிலீஷில் எழுதுவது எங்களுக்கு எட்டாவிட்டாலும், வாரத்துக்கு ஒரு தடவை தமிழ்ப் பேப்பரில் வருகிறதே, அதை எனக்கு வாசித்துக் காட்டியது அவர்தான். வீடு வீடாகப் பேப்பர் போடும் லைனுக்குப் போய்த் திரும்பி, பத்து மணிக்குக் கடையில் உட்கார்ந்ததும், “வாரும்வே, உம்ம மவன் இன்னைக்கு யாரத் தொலி உரிச்சிருக்கான்னு பாப்போம்” என்று தொடங்குவார். பத்து வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான். அவரும் நானும் மறுபடி பேசத் தொடங்கியதே உன் எழுத்தால்தான். அதற்கு முன்னால் வெகுகாலம் நான் அவர் கடைப் பக்கம் போனதில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

உன் புத்தகம் தமிழில் வந்தபோது மழைக்காலம். ஒரு மாதம் தினமும் கொஞ்சமாக, அட்டையிலிருந்து அட்டை வரை அவர்தான் எனக்கு வாசித்தார். மந்திரிகளையும் கட்சிக்காரர்களையும் பற்றி நீ எழுதியதை எல்லாம் கேட்டு இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம். ஓர் இடத்தில் மட்டும் அவர் வாசிப்பதை நிறுத்தினார். பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு விரலை நனைத்து ஏட்டைப் புரட்டி, “பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்குவே” என்று சொல்லித் தொடர்ந்தார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த வருஷமே அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்தும் சரியாகவில்லை. இப்போது பேப்பரைத் தொட்டுப் பார்த்து இன்ன பேப்பர் என்று சொல்லுவார், எழுத்து தெரியாது. இத்தனை வருஷம் அவர் வாசித்து நான் கேட்டேன், இனி நான் வாசித்து அவர் கேட்கட்டும் என்றுதான் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது தினமும் பத்து மணிக்குத் தலைப்புகளை நான்தான் அவருக்கு வாசிக்கிறேன். ஒரு தலைப்புக்கு ஒரு டீ ஆறிவிடும். அவர் அவசரப்படுத்துவதில்லை.

உன் போன் வந்த மறுநாள், என்னைப் பற்றி நீ எழுதியதை நானே வாசித்துப் பார்க்கலாம் என்று புத்தகத்தை எடுத்தேன். சாப்பிட்டதும் உட்கார்ந்தேன். ஊர் பெயர் வந்தது, தறி வந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அது நான் கேட்டதே இல்லாத பக்கம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அதை முடிப்பதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. ‘எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா, முதலாளி நீட்டிய காகிதத்தில் கடைசி வரை விரல் வைக்கவில்லை. அந்த விரல்தான் எனக்குப் பத்திரிகைத் தொழிலின் முதல் பாடம்’ என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவரான சங்கச் செயலாளர்தான் துரோகி ஆனார், அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்று எழுதி, அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: ‘போராட்டத்தை விற்றவர் இன்று என் ஊர் பஸ் நிலையத்தில் பத்திரிகை விற்கிறார்.’ பெயர் போடவில்லை. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் பத்திரிகை விற்பவர் எத்தனை பேர் என்று நினைக்கிறாய்?

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டிரைக் மூன்றாவது வாரம் போய்க்கொண்டிருந்தது. சங்க ஆபீசு முன்னால் தகரப் பந்தல், தரையில் கோணிச் சாக்கு. சித்திரை வெயில். ஒருநாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். குழாயடிக்கு எதிரேதான் முதலாளியின் நூல் குடோன். கணக்குப்பிள்ளை வாசலில் நின்று, “வெயில்ல என்னத்துக்கு நிக்கிய, உள்ள வாங்க” என்றார். போனேன். முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “ஒக்காருங்க” என்றார். அவரிடம் பதினாறு வருஷம் தறி ஓட்டியிருந்தேன், அந்த அறையில் நான் உட்கார்ந்தது கிடையாது. தலைக்கு மேல் ஃபேன் ஓடியது. மோர் கொடுத்தார்கள். முதுகைச் சாய்த்தேன். “எத்தன நாளைக்குத்தான் மண்ணுல ஒக்காந்திருப்பிய” என்று அவர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். பழைய கூலிக்கே வேலைக்கு வருகிறோம் என்று ஒரு காகிதம் வந்தது, மை பேடு வந்தது. இரண்டு தாளில் விரல் வைத்தேன், அவருக்கு ஒன்று, சங்கத்துக்குக் காட்ட ஒன்று. முதல் விரல் என்னுடையது. என் விரலைக் காட்டித்தான் மற்ற பன்னிரண்டு பேரை ஒவ்வொருவராக அழைத்தார்கள்.

உன் பள்ளிக்கூடச் செலவுக்காக வைத்தேன் என்று சொன்னால் நீ என்னை மன்னித்துவிடுவாய். அதை எழுதலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். பொய் மேல் இன்னொரு பொய்யாகிவிடும். வீட்டில் அரிசி இருந்தது, உன் அம்மா பூக்கட்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். யாரும் என்னை மிரட்டவும் இல்லை, எனக்கு எதுவும் தரவும் இல்லை. நான் அசந்துபோனேன். நீ உன் கட்டுரைகளில் கட்சி மாறியவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் விலைபோனார்கள் என்று எழுதுகிறாய். விலைபோகிறவர்களும் உண்டு. ஆனால் சில பேர் அசந்துபோகிறார்கள், மக்கா. யாராவது ஒரு நாற்காலி போட்டால் போதும் என்று இருக்கும். உன் குரலும் இப்போதெல்லாம் போனில் அசந்துதான் கேட்கிறது. இருபது வருஷமாகப் பெரிய மனிதர்களோடு மல்லுக்கு நிற்கிறாய். உனக்கும் ஒருநாள் யாராவது நாற்காலி போடுவார்கள். உட்கார், மோரும் குடி. ஆனால் அன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதே. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கி எழுந்து, மறுநாளும் சரியென்று பட்டால் போடு. எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

பதின்மூன்று பேர் போனதும் ஸ்டிரைக் படுத்துவிட்டது. ஒப்பந்தம் எழுதியபோது செயலாளர் என்ற முறையில் அண்ணாச்சிதான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஊருக்கு அந்தக் கையெழுத்துத்தான் தெரிந்தது. பெயர் எழுதத் தெரிந்தவர் மாட்டிக்கொண்டார், எழுதத் தெரியாத நான் தப்பித்தேன். அப்போது நீ ஐந்தாவது படித்தாய். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து, “ஸ்டிரைக்க வித்தது ஞானமுத்து மாமாவாப்பா? பயலுவ சொல்லுதானுவ” என்று கேட்டாய். “அவருதான் கையெழுத்துப் போட்டாரு” என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. உண்மையை மட்டும் சொல்லியே பொய் சொல்ல முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன். உன் தொழிலில் இதை நீ தினமும் பார்த்திருப்பாய். “நீங்க வச்சியளாப்பா?” என்று கேட்டாய். “நான் வைக்கல” என்றேன். அது முழுப் பொய். நீ பேப்பர் வாசிக்கப் பழகியதே அவர் வீட்டில்தான். தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்காருவாய். அன்றோடு, இனி அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று உன்னைத் தடுத்துவிட்டேன். அவரிடம் நீ எதையாவது கேட்டுவிடுவாயோ என்ற பயம்தான். புத்தகத்துக்காக நீ பேச்சைப் பிடிக்கிற ஒரு சின்ன மெஷினை வைத்து என்னிடம் கேட்டபோது, அந்தப் பொய்க்கு முப்பது வயது ஆகியிருந்தது. அதற்குள் எனக்கே அது நடந்தது போல ஆகிவிட்டது. காகிதத்தைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன் என்றுகூடச் சொன்னேன்.

வாசித்த மறுநாள் பத்து மணிக்குப் புத்தகத்தோடு கடைக்குப் போனேன். “இன்னைக்குப் பேப்பர் வேண்டாம் அண்ணாச்சி, புஸ்தகம் வாசிக்கேன்” என்றேன்.

“எந்தப் புஸ்தகம்? மவன் புஸ்தகமா? அதத்தான் முழுசா வாசிச்சுக் காட்டியாச்சேவே.”

“முழுசாவா வாசிச்சிய?”

ராஜபாளையம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வெளியே போனது. பிறகு, “வாசியும். தடக்காம வாசிக்கீரான்னு பாக்கேன்” என்றார். வாசித்தேன். ‘துரோகி’ என்ற சொல்லில் தடுக்கிவிட்டது. இரண்டு தடவை கூட்டியும் வரவில்லை. “துரோகி” என்று அவரே எடுத்துக் கொடுத்தார். “ம், மேல போம்.” கடைசி வரியையும் வாசித்து முடித்தேன். “முன்னைக்கு இப்ப நல்லா வாசிக்கீரு” என்றார்.

“இத ஏன் அண்ணாச்சி அன்னைக்கு விட்டுட்டு வாசிச்சிய?”

“பக்கம் ஒட்டிக்கிட்டுன்னு அன்னைக்கே சொன்னேன்லா.”

“வெளையாடாதிய.”

“கேட்டா உமக்குச் சங்கடமா இருக்கும்லாவே.”

“எனக்கா?”

“பின்ன எனக்கா? நான் செய்யலன்னு எனக்குத் தெரியும்.”

நான் விரல் வைத்த காகிதத்தைக் கணக்குப்பிள்ளை அன்றைக்கே அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். முதல் விரல் யாருடையது என்று இத்தனை காலமும் அவருக்குத் தெரியும். “சங்கத்துல சொல்லியிருக்கலாம்லா?” என்று கேட்டேன். “காயிதம் கைக்கு வந்த நேரம் உம்ம மவன் எங்க வீட்டுல ஒக்காந்து சத்தமாப் பேப்பர் வாசிச்சுக்கிட்டு இருந்தான். அவன வச்சுக்கிட்டு என்னத்தச் சொல்ல? அன்னைக்குச் சொல்லல. பொறவு சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு விட்டுட்டேன்” என்றார். சங்கத்துத் தாள் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தார். மை வெளுத்து ஊதாவாகிக் கிடக்கிறது. விரலுக்குப் பக்கத்தில் கணக்குப்பிள்ளை எழுதிவைத்ததை அன்று என்னால் வாசிக்க முடியவில்லை. இப்போது வாசித்தேன். என் பெயர்.

உனக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னதும் அவர் கோபப்பட்டார். “உமக்குக் கிறுக்கா வே? அவனுக்கு ஆவாதவன் எத்தன பேரு இருக்கான். சொந்த அப்பன் கதையவே தப்பா எழுதினவன்னு கிழிச்சுத் தொங்க விட்டுருவானுவ. நமக்கு என்ன, இன்னும் ரெண்டு வருசம். அவன் பேரு கெடணுமா?” என்றார். நானும் அதைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னைப் பிடிக்காதவர்கள் சிரிப்பார்கள். உன் மற்ற பக்கங்களையும் சந்தேகப்படுவார்கள். நீயும் என் முகத்தைப் பழையபடி பார்க்க மாட்டாய். தெரிந்துதான் எழுதுகிறேன். நீ ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தபோது நம் எம்.எல்.ஏ.வைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். “யாரு சொன்னா? நீங்க பாத்தியளா? வேற யார்ட்டயாவது கேட்டியளா?” என்று என்னைப் போட்டுக் குடைந்தாய். ஒருவர் சொல்லை மட்டும் வைத்து ஒரு வரியும் எழுத மாட்டேன் என்றாய். அன்று எனக்கு எவ்வளவு பெருமை. ஆனால் இந்த ஒரு பக்கத்துக்கு நீ என்னிடம் மட்டும்தான் கேட்டாய். மந்திரிகளைத் தேடி எங்கெங்கோ அலைந்தவன் நீ. அவர் கடை பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் நீ ஊருக்கு வந்து இறங்குகிற இடத்துக்கு நேர் எதிரே. சொன்னது அப்பா என்பதால் நீ அவரிடம் போய்க் கேட்கவில்லை. அந்தத் தவறில் பாதி உன்னுடையது, அதையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

அச்சுக்குப் போவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திருத்து. பேசாமல் எடுத்துவிடாதே. முதல் பதிப்பில் தவறாக எழுதிவிட்டேன் என்று உன் பெயரில் எழுதி, விரல் வைத்தவன் என் அப்பா என்றும் எழுது. மேடை நாற்காலி எனக்கு வேண்டாம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது போதும். விழாவுக்கு முந்தின நாளே வா. பத்து மணிக்கு நாங்கள் கடையில்தான் இருப்போம். அவரிடம் நீயே கேள். அந்தச் சின்ன மெஷினையும் கொண்டு வா. நான் எழுந்து டீக்கடைப் பக்கம் போய்விடுகிறேன்.

இந்தக் கடைசி வரிகளைச் செராக்ஸ் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தத் தாளை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அசல் அவரிடமே இருக்கட்டும். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைக்காரப் பெண்ணிடம் மை பேடு கேட்டேன். “கையெழுத்துப் போடத் தெரியாதா பெரியப்பா?” என்று கேட்டாள். “தெரியும்த்தா, நல்லாவே தெரியும்” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. டீச்சரிடம் சொன்ன சொல்லை ஒரு தடவை மட்டும் மீறுகிறேன். கையெழுத்து நேற்றுக் கற்றது, அதை வைத்து உன்னால் எதையும் சரிபார்க்க முடியாது. விரல் பழையதுதான். நகலில் முதலில் இருப்பதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.